தேடத் தகுந்த முகம்

மகள் காணாமல் போனால் முதலில் அழ வேண்டும் என்று நாம் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் வேண்டியது நல்ல படம். காணாமற்போனோர் கண்டுபிடிப்பு இயக்ககத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் இதை லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். அழுகையை அங்கே யாரும் வாங்கிக்கொள்வதில்லை. அதற்கென்று கவுண்டரும் கிடையாது.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இருட்டுக் குழிக்குள் டார்ச்சோடு இறங்குவது அவர் வேலை. அங்கே பேச ஆள் கிடையாது. கல்லூரி முடித்த அவருடைய ஒரே மகள், பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பு வேலைக்கான நேர்காணலுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. 'நான் வரல. தேடாதீங்க' என்று ஒரே ஒரு செய்தி வந்தது. அதன்பிறகு போன் அணைந்துவிட்டது. தேடாதே என்று பிள்ளை சொன்னால் பெற்றவர்கள் தேடாமல் இருந்துவிடுவார்களா? கிளம்பி வந்துவிட்டார்.

படம் கொண்டுவருவதில் வீட்டிலேயே ஒரு சிக்கல் இருந்தது. அவர் தன் போனில் எடுத்து வைத்திருந்த மகளின் படங்களை எல்லாம் மகளே எப்போதோ அழித்துவிட்டாள். "ஐயோ அப்பா, இதுல நான் நானாவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அழித்தாள். மிச்சம் இருந்தவை அவளாக அனுப்பிய படங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருத்தி இருந்தாள். ஒன்றில் கண் பெரிது, ஒன்றில் தாடை கூர்மை, ஒன்றில் தோல் பளிங்கு. எதிலும் அந்த மூக்கு மட்டும் இல்லை. அகலமாக, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு. அது அவருடைய மூக்கு. குழந்தை பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, "அப்பா யாருன்னு கேக்க வேண்டியதே இல்ல" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் பல வருஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

"இதைக் கொடுங்க" என்று மனைவிதான் ஒரு படத்தைக் காட்டினாள். "இதுலதான் லட்சணமா இருக்கா. பாக்கிறவங்களுக்கு ஒரு இரக்கம் வரணும்ல."

"இது அவ மாதிரியே இல்லையேடி."

"அவ மாதிரி இருக்கிறதைக் கொடுத்தா யாருங்க திரும்பிப் பாப்பாங்க?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவரும் அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

புகைப்படப் பிரிவுக்குப் போகும் நடைவழியின் இரண்டு பக்கச் சுவரிலும், காணாமல் போன பெண்களின் நோட்டீஸ்கள் ஒட்டியிருந்தன. மெக்கானிக் முதலில் ஒரே பெண்ணுக்கு இத்தனை நோட்டீஸா என்று நினைத்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கீழே இருந்த விவரங்கள் வேறுவேறு. ஒருத்தி செவிலியர் பயிற்சி, ஒருத்தி துணிக்கடை, ஒருத்தி வீட்டில் கோபித்துக்கொண்டு போனவள். முகம் மட்டும் ஒன்றுதான். அத்தனை பேரும் அதே பெரிய கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

புகைப்படப் பிரிவு அதிகாரி படத்தைத் திரையில் ஏற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிரமாதம் சார்! உங்க பொண்ணு எங்க வேலையில பாதியை அவங்களே முடிச்சு வச்சிருக்காங்க. சில பேர் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. அதை வச்சு யாரைத் தேடுறது?"

"அந்தப் பிள்ளைங்களை அப்புறம் எப்படி சார் தேடுவீங்க?"

"கிடைச்சா கிடைப்பாங்க" என்றார் அதிகாரி. "பாருங்க சார், ரோட்டுல போறவன் ஒரு நோட்டீஸைப் பார்த்து நிக்கணும்னா அதுல தேடத் தகுந்த முகம் இருக்கணும். சாதாரண முகத்தைத்தான் அவன் வீட்டுலயே தினம் பாக்கிறானே. இதுலயும் சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கு. இருங்க."

அவர் மவுஸை நகர்த்தினார். திரையில் மகளின் கண்கள் இன்னும் கொஞ்சம் விரிந்தன. பயந்து போனவளின் கண் விரிவது மாதிரி இருந்தது. கழுத்து நீண்டது. உதட்டோரம் தானாக மேலே ஏறிச் சிரித்தது. மெக்கானிக் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை, அரசாங்கத்துக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று விழுங்கிக்கொண்டார்.

"ஆச்சு. இதுதான் இனிமே உங்க பொண்ணு. சரின்னு சொல்லிட்டுப் போங்க. பழைய படத்தை அழிச்சிடுவோம். குழப்பம் வரக்கூடாது பாருங்க." மெக்கானிக் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

குடும்பத்தார் உளவியல் ஆலோசகரைக் கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி. ஆலோசகர் அம்மையார் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். பேசி முடிக்கும்வரை அவருடைய வலது கன்னம் மட்டுமே மெக்கானிக்குக்குக் காணக் கிடைத்தது.

"இளைஞர்கள் ஏன் படத்தைத் திருத்துறாங்கன்னு நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்" என்று அம்மையார் சுவரிடம் தொடங்கினார். "முதல்ல ஒரு பருவை எடுப்பாங்க. படத்தைப் பார்த்து நாலு பேர் நல்லா இருக்கேன்னு சொல்வாங்க. அந்தப் பாராட்டு யாருக்குப் போச்சு? பரு இல்லாத முகத்துக்கு. பரு இருக்கிற முகத்துக்கு ஒண்ணும் கிடைக்கல. அது பட்டினி கிடக்கும். அடுத்த தடவை கண்ணைத் திருத்துவாங்க, அப்புறம் தாடை, அப்புறம் மூக்கு. மத்தவங்களும் திருத்தின படத்தைத்தான் போடுறாங்கன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் படத்தோடதான் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. கொஞ்ச நாள்ல கண்ணாடியில பார்க்கிறது தப்பா தெரிய ஆரம்பிச்சிடும். வெளியில இருக்கிற டாக்டருங்க இதை நோய்ங்கிறாங்க. நாங்க இங்க ஒத்துழைப்புன்னு சொல்றோம்."

"மேடம், அவ ஏன் வீட்டை விட்டுப் போனான்னு..."

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்! உங்க மகள் எங்கயும் போகல. அவங்க தன்னோட படத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. உடம்புதான் கொஞ்சம் பின்தங்கிடுச்சு. நீங்க என்னைத் தப்பா நினைக்காதீங்க, எனக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் இல்ல. நான் இயற்கையாவே இந்தப் பக்கம்தான் உட்காருவேன்."

அவர் வெளியே வந்தபோது வாசலில் காவலர் ஒரு வயதானவரை மறித்து வைத்திருந்தார். வழுக்கைத் தலை, தொங்கிய கன்னம். அவர்தான் இயக்குநர். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் இயக்குநர் படத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும்போதெல்லாம் அதற்கு வயது குறையும். இப்போது அது ஒரு இளைஞன். காவலர் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து, உள்ளே விடமாட்டேன் என்று தினமும் நிறுத்திவிடுவார். இயக்குநருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. "பார்த்தீங்களா, நம்ம ஆளுங்க எவ்வளவு விழிப்பா இருக்காங்க!" என்று மெக்கானிக்கிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதிகாரி சொன்னது பொய்யில்லை, எல்லோரும் நின்று பார்த்தார்கள். மெக்கானிக் கையிலும் ஒரு கட்டு இருந்தது. பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாசல், பெண்கள் விடுதி என்று போய், "இந்தப் பொண்ணைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. ஷாம்பு விளம்பரத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர். ஒரே நேரத்தில் ஊரின் இரண்டு கோடியிலும் பார்த்தவர்கள் இருந்தார்கள். கனவில் வந்தாள், நன்றாக இருக்கிறாள், கவலைப்பட வேண்டாம் என்றாள் ஓர் அம்மாள்.

பிறகு மெக்கானிக்குக்கே அவள் தென்பட ஆரம்பித்தாள். போகும் பேருந்தின் கடைசி ஜன்னலில் இருப்பாள். லிஃப்டின் கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு கணம் நிற்பாள். திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டாள். ஒருநாள் குழிக்குள் வேலை செய்யும்போது டார்ச்சை அணைத்துவிட்டு, மகளின் முகத்தை ஒருமுறை சரியாக நினைவுக்குக் கொண்டுவரலாம் என்று முயன்று பார்த்தார். கண் வந்தது, நோட்டீஸில் இருந்த கண். சிரிப்பு வந்தது, அதுவும் நோட்டீஸ் சிரிப்பு. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, அதைக் கொண்டுபோய் அந்த முகத்தில் வைத்தார். ஒட்டவே இல்லை, திரும்பத் திரும்ப நழுவியது. டார்ச்சை மறுபடி போட்டார்.

இந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தார். வெளுத்த சுடிதாரும் தோளில் பையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா வேணும்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"நான்தாம்பா" என்றாள்.

மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள், அடித்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். மெக்கானிக் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற மகளிடம் யாரென்று கேட்டுவிட்ட வெட்கம் அது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், தண்ணீர் இல்லாமலே திரும்பி வந்தார்.

அவள் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஓட்டலுக்கு விண்ணப்பத்தோடு திருத்திய படத்தைத்தான் அனுப்பியிருக்கிறாள். நேர்காணல் அறையில் இருந்தவர்கள் அவள் எதிரே வந்து உட்கார்ந்த பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பெண் எப்போது வருவாள் என்று அவளிடமே கேட்டார்களாம். போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வர அவளுக்குக் கால் வரவில்லை. தோழியின் விடுதி அறையில் ஒளிந்துகொண்டாள்.

"நோட்டீஸைப் பார்த்தேன்பா. பஸ் ஸ்டாப்புல, அதுக்குக் கீழேயே நின்னேன். யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு நின்னேன். பக்கத்துல ஒரு அம்மா நின்னாங்க. நோட்டீஸைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. 'பாவம், எவ்ளோ அழகான பொண்ணு! நீ எங்கயாவது பார்த்தா சொல்லும்மா'ன்னாங்க."

மெக்கானிக் அடுத்த நாளே மகளைக் கூட்டிக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார். கிடைத்துவிட்டாள், தேடலை நிறுத்துங்கள் என்று சொன்னால் முடிந்தது என்று நினைத்தார். பாவம். புகைப்படப் பிரிவு அதிகாரி அவளைக் கேமரா முன்னால் நிற்கவைத்தார். படத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் யோசித்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"இவங்க இல்ல சார்."

"சார், நான் அவளோட அப்பா. நான் சொல்றேன்."

"நீங்கதானே சார் அந்தப் படத்துக்குச் சரின்னு சொன்னீங்க? அதோட இவங்க பொருந்தல. இன்னொண்ணு, இவங்க எங்க இருக்காங்க?"

"இதோ, இங்கதானே இருக்கா!"

"அதேதான் நானும் சொல்றேன். இங்க இருக்கிறவங்க எப்படிக் காணாமப் போனவங்களா இருக்க முடியும்? காணாமப் போனவங்க இன்னும் காணாமத்தான் இருக்காங்க. அவங்க கிடைச்சுத் தேடல் முடியிற வரைக்கும் அந்தப் பேருல வேற யாரும் இருக்க முடியாது. வேலை, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எதுக்கும் இவங்க அந்தப் பேரைச் சொல்லக் கூடாது."

ஆலோசகர் அம்மையாரை வரவழைத்தார்கள். அவர் தன் வலது கன்னத்தோடு வந்து நின்றார். "துக்கத்துல இருக்கிறவங்க கைக்குக் கிடைச்சவங்களை மகள்னு பிடிச்சுக்கிறது சகஜம்தான். நிஜமான மகள் கிடைக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணை வச்சுக்கோங்க, தப்பில்ல" என்றார். பிறகு மகளிடம், "நீ யாரும்மா?" என்று அன்பாகவே கேட்டார்.

மகள் சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ நல்லா இருக்கா" என்றாள்.

வீட்டில் அவள் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. அப்பா பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவரும் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். எங்கே மறுபடியும் யாரென்று தோன்றிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்தப் பயத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் இயக்ககத்திலிருந்து அழைப்பு வந்தது. மகள் கிடைத்துவிட்டாளாம். இயந்திரம் பச்சை விளக்கே காட்டிவிட்டதாம். இயக்குநர் தலைமையில் ஒப்படைப்பு விழா, குடும்பத்தோடு வரவும். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி மகளின் பெயரை மீட்டுவிடலாம் என்று மெக்கானிக் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

மேடையில் இயக்குநர் பேசினார். அவருடைய இளமைப் படம் பின்னால் பெரிதாக மாட்டியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள்.

"இந்த இயக்ககம் ஆரம்பிச்ச காலத்துல மக்கள் காணாமப் போனாங்க, நாம தேடினோம், யாரும் கிடைக்கல. ஏன்? முகம் சரியில்ல. இப்போ முகத்தைச் சரி பண்ணிட்டோம். போன வருஷம் காணாமப் போனவங்களைவிட அதிகமான பேரைக் கண்டுபிடிச்சிருக்கோம்! காணாமப் போகாதவங்களையும் கண்டுபிடிக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கோம். இனி இந்த ஊர்ல எந்தத் தாயும் அழ வேண்டியதில்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மகள் நிச்சயம்."

மெக்கானிக் குடும்பத்தை மேடையில் ஏற்றிவிட்டு, திரையை விலக்கி, கிடைத்துவிட்டதாகச் சொன்ன பெண்ணை அழைத்துவந்தார்கள். நோட்டீஸே எழுந்து நடந்து வந்தது. அதே கண், அதே கழுத்து, அதே சிரிப்பு. மெக்கானிக்கின் மனைவி தன்னை அறியாமல் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டுவிட்டாள். தொட்ட பிறகு பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். "யாரும்மா நீ? உனக்கு வீடு இல்லையா?"

"இருக்கு அங்கிள்" என்றாள் அவள் சிரிப்புக் கலையாமல். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கே தெரியாது போலிருந்தது. "அங்க ஏற்கெனவே வேற ஒருத்தியைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. அம்மாவுக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு."

அவர் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு மொத்தமும் மறந்துபோனது. அதற்குள் புகைப்படக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்த ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம், பொண்ணு நடுவுல. இது யாரு பின்னாடி? கொஞ்சம் தள்ளி நில்லும்மா, படத்துல விழறே."

மகள் தள்ளி நின்றாள். அவள் அதற்குப் பழகியவள் மாதிரி சட்டென்று விலகி, மேடை ஓரம் வரைக்கும் போனாள். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. அவர் வரிசையைவிட்டு வெளியே வந்து மகளின் கையைப் பிடித்தார். மனைவியும் பின்னாலேயே வந்துவிட்டாள். மூன்று பேரும் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

"நான் எங்க போறது அங்கிள்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் நின்றார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"போகட்டும் விடுங்க" என்று புகைப்படக்காரர் உதவியாளரிடம் சொல்வது கேட்டது. "அப்பா அம்மாவை அப்புறம் சேர்த்துக்கலாம்."

மறுநாள் காலை மாடிவீட்டுக்காரர் போனை நீட்டிக்கொண்டே இறங்கி வந்தார். "அண்ணே, போட்டோல என்னா கம்பீரமா இருக்கீங்க!" இயக்ககம் விழாப் படத்தை வெளியிட்டிருந்தது. தேடல் இனிதே முடிந்தது என்று கீழே போட்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் அவர். மேடையிலிருந்து இறங்கிவிட்ட அவர் படத்தில் நன்றாகவே நின்றிருந்தார். மூக்கு நேராக இருந்தது. தோள் நிமிர்ந்திருந்தது. கண்ணில் அளவாகக் கொஞ்சம் ஈரம். கை அந்தப் பெண்ணின் தலைமேல் உறுதியாக இருந்தது.

தன் பெயர் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது என்று மகளுக்குப் புரிந்திருந்தது. அடுப்படியில் அம்மாவோடு சேர்ந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா, சூடா இருக்கு" என்று கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் மெக்கானிக்.

கோபத்தோடுதான் அந்தப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். போனை மாடிவீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் நினைவிருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த மனிதர் கதவைத் திறந்து பெற்ற மகளிடம் யாரும்மா வேணும் என்று கேட்டிருக்கமாட்டார். எந்தக் கூட்டத்திலும் எந்த இருட்டிலும் தன் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறவர் மாதிரி இருந்தார்.

மகள் இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.